டெக்சாஸ் கருவை

மகாதேவன் மூன்று மாதமாக விறகு வாங்கிக்கொண்டிருந்தார். வாங்கவில்லை, வாங்கிக்கொண்டிருந்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்துதான் அவர் மனைவி வான்மதியின் பொறுமை கொதித்துக்கொண்டிருந்தது.

விறகு என்றால் கட்டை விறகு இல்லை. மரத்தூளை இறுக்கி, சுண்டுவிரல் நகம் நீளத்துக்குத் துண்டு துண்டாக்கி, மூட்டை கட்டி விற்பார்கள். பெல்லெட் என்று பெயர். பார்த்தால் மாட்டுத் தீவனம் மாதிரி இருக்கும். அடுப்பின் தலையில் கொட்டிவிட்டால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து எரித்துக்கொள்ளும். நியூ ஜெர்சியில், பார்சிப்பனியிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் போனால் வருகிற மலையடிவாரத்தில் அவர்களுடைய வீடு. முன்பு அங்கே இருந்தவர் கீழே ஒரு பெரிய அறையைப் பின்பக்கமாக இழுத்துக் கட்டியிருந்தார். அதற்கு ஹீட்டிங் குழாய் போட மறந்தாரோ, சோம்பல் பட்டாரோ, மூலையில் இந்த அடுப்பை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இத்தனை வருஷமும் குளிர்காலம் வந்தால் அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள்.

இந்த வருஷம் பூட்ட முடியாது. மகள் தீக்ஷாவுக்குத் தலைப்பிரசவம். ஆபரேஷன்தான் என்று முன்னாடியே முடிவாகிவிட்டது. தையலோடு மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது. படுக்கை அறைகள் எல்லாம் மாடியில். ஆகவே கீழ் அறையைத் தவிர வேறு வழியில்லை. தாய் வீட்டுக்கு வருவதற்கு தீக்ஷாவும் சம்மதித்திருந்தாள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"அம்மா, ஐ வான்ட் டு கம். பட் அந்த ரூம் கோல்டா இருந்தா வீ ஆர் கோயிங் டு எடிசன். பேபிக்காக. ஓகே?"

எடிசன் என்றால் சம்பந்தி வீடு. சம்பந்தியம்மா அபயாம்பாள் கெட்டவராக இருந்திருந்தால் வான்மதிக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அவரோ தங்கமானவர். வீடு முழுக்க காஸ் ஹீட்டிங், கீழேயே படுக்கை அறை, போதாக்குறைக்குப் பிரசவ லேகியம் வேறு கிளறத் தெரியும். "உங்காத்துல குளிருமேம்மா, இங்கேயே இருந்துட்டுப் போகட்டுமே" என்று போன் பண்ணும்போதெல்லாம் வாய் நிறையச் சொல்வார்.

வான்மதி அதற்கு மசியவில்லை. தீக்ஷா பிறந்தபோது அவளுடைய அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், தையல் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தானே கஞ்சி காய்ச்சித் தானே குடித்தவள் அவள். மகாதேவன் ஆபீஸ் போயிருந்தார். தன் மகளை அப்படி விடுவதில்லை, அவளுக்கும் பிள்ளைக்கும் தன் கையால்தான் எல்லாம் செய்வது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவு இப்போது ஒரு மூட்டை பெல்லெட்டில் வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் ஊரிலிருந்த ஹார்டுவேர் கடைகள் எல்லாவற்றிலும் வாசலிலேயே மூட்டை குவிந்து கிடந்தது. "அத்தான், வண்டியை எடுங்க. ரெண்டு நடை போனா வேலை முடிஞ்சுரும்" என்றாள். மகாதேவன் அவளுக்குத் தாய்மாமன் மகன். கல்யாணத்துக்கு முந்தியும் அத்தான், பிந்தியும் அத்தான்.

"அதெல்லாம் பைன் மதி. சாஃப்ட்வுட். நம்ம ஊரு முருங்கைக்கட்டை மாதிரி புஸ்ஸுனு போயிரும். ஹார்ட்வுட் வேணும், வைரம் பாஞ்சது. நான் ரிசர்ச் பண்ணிட்டிருக்கேன்."

"ஓட்டைச் சட்டியா இருந்தாலும் கொழுக்கட்டை வெந்தாச் சரி அத்தான்."

"உனக்கு சயின்ஸ் தெரியாது, விடு."

வான்மதி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அதைச் சொல்லிக் காட்டுவது அவள் பழக்கமில்லை. விட்டுவிட்டாள். அவர் ஈரப்பதம் ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டே போனார். தாடிக்காரர்கள் பெல்லெட்டை எரித்துச் சாம்பலைத் தராசில் வைக்கும் வீடியோக்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தார். பொண்ணு பார்க்கப் போனபோதுகூட இந்த மனுஷன் இவ்வளவு விசாரிக்கவில்லை. நவம்பர் போனது, டிசம்பர் போனது. பனி கொட்ட ஆரம்பித்ததும் கடை வாசல்கள் காலியாகிவிட்டன.

ஜனவரி நடுவில் ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தார். "ஆர்டர் போட்டாச்சு. என்னன்னு சொல்ல மாட்டேன். சர்ப்ரைஸ்."

தீக்ஷாவுக்குத் திங்கட்கிழமை ஆண் குழந்தை பிறந்தது. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை மதியம்தான் லாரி வந்து, பிளாஸ்டிக் சுற்றிய மூட்டைப் பாரத்தை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. மகாதேவன் சட்டைமேல் ஒரு சால்வையை மட்டும் போட்டுக்கொண்டு பனியில் ஓடிப்போய்க் கத்தியால் பிளாஸ்டிக்கைக் கிழித்தார். மூட்டைமேல் பெரிய எழுத்தில் ஒரு சொல். அதன் கீழே, தட்டு நிறைய மாட்டு விலாவெலும்பு, புகை பறக்கிற மாதிரி படம்.

"மெஸ்கீட்! டெக்சாஸ்லேர்ந்து வருது. மெஸ்கீட்னா என்னான்னு தெரியுதா?" என்றார். சின்னப் பையன் மாதிரி முகம் பூரித்துக் கிடந்தது. "நம்ம கருவை மதி! வேலிக்கருவை! அதே ஜாதி, அண்ணன் தம்பி. கமுதியில நம்ம காடெல்லாம் நிக்குமே, அது. இங்க பிரீமியம்னு போட்டு விக்கிறான். நின்னு எரியிறதுல கருவையை அடிச்சுக்க ஒரு மரம் உண்டா, சொல்லு!"

வான்மதி குனிந்து மூட்டையின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். அவளுடைய இடது பாதத்தில், குதிகாலுக்கு மேலே, ஒரு குழி உண்டு. கருவை முள் ஏறி, உடைந்து, உள்ளேயே சீழ் வைத்துக் கீறி எடுத்த இடம். பனிக்காலத்தில் அது இன்னமும் சுருக்கென்று இழுக்கும். இப்போது இழுத்தது.

ஊருக்கு வேலி போட வந்த மரம் அது. வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரில் பழமொழி சொல்வார்கள். வான்மதியின் வீட்டில் அது பழமொழி இல்லை. அவளுடைய அப்பா மிளகாய் போட்ட நிலம், வெட்ட வெட்டத் துளிர்த்து, கண்ணெதிரே கருவைக் காடாகிப் போனது. கடைசியில் மிளகாய் விற்றவர் கருவைக்கட்டை விற்பவரானார். அதை வாங்கியது யார்? மகாதேவனின் அப்பா. வான்மதிக்குத் தாய்மாமன். ஊருக்கு வெளியே வரிசையாக அவருடைய கரிமூட்டங்கள் புகைந்துகொண்டிருக்கும். கட்டையை அடுக்கி, மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துக் கரியாக்கி, மதுரைக்கும் அதற்கு அப்பாலும் அனுப்புவார். அந்தக் கரியில்தான் மகாதேவன் படித்தார், அமெரிக்கா வந்தார்.

"இது கறி சுடுறதுக்கு விக்கிறதுல்ல?" என்றாள் வான்மதி, குரலை அடக்கிக்கொண்டு. "கீழ எழுதியிருக்கே, வீட்டு அடுப்புக்கு ஆகாதுன்னு."

"அது லீகலுக்குப் போடுறான். மரம் மரந்தான மதி."

அன்று சாயங்காலமே பற்றவைத்தார். அடுப்புக்குள் தீ எழும்பியது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை அறையெல்லாம் பரவியது. இனிப்பும் காரமுமாக, யாரோ பக்கத்தில் கறி சுடுகிற மாதிரி. மகாதேவன் கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தார். "ஆஹா. மூட்டம் பிரிக்கிற அன்னிக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் வான்மதிக்கு வந்த கோபத்தில், கையிலிருந்த குழந்தைத் துணிகளை அப்படியே நாற்காலியில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மூட்டம் பிரிக்கிற அன்றைக்கு வாசனை பிடிக்க இவருக்கு நேரம் இருந்தது. கரிக்கட்டையைப் பொறுக்கிச் சாக்கில் போட்ட பெண்களைக் கேட்டால் தெரியும், அது வாசனையா வேறென்னவா என்று.

வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பின் கண்ணாடி மை பூசினது போல் கறுத்துவிட்டது. உள்ளே சாம்பல் உருகிப் பாறையாக இறுகி, காற்று வரும் துளைகளை அடைத்துக்கொண்டது. அது ஒரிஜினல் கருவைகூட இல்லை. மூட்டையின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: ஓக் மரத்தூள், கூடவே மெஸ்கீட் மணம் ஏற்றிய எண்ணெய். மூன்று மாத ஆராய்ச்சிக்காரர் மூட்டையின் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை. மதியம் அடுப்பு ஒருமுறை இருமி, அறைக்குள் புகையைக் கக்கி, சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு அணைந்தது. மகாதேவன் முட்டி போட்டு உட்கார்ந்து, போனில் வீடியோ பார்த்துக்கொண்டே, "காத்து வர்ற டேம்பரைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணா சரியாயிரும்" என்றார்.

அப்போதுதான் மாப்பிள்ளை அனிருத் கூப்பிட்டான். எல்லாம் நன்றாக இருப்பதால் ஒருநாள் முந்தியே அனுப்பிவிட்டார்களாம். வந்துகொண்டே இருக்கிறார்களாம்.

வான்மதி பனிக்காலத்தில் எல்லா ஜன்னலையும் திறந்தாள். புகை போவதற்குப் பதில் குளிர் வந்தது. ஜன்னலை மூடினால் புகை, திறந்தால் குளிர். அறைக்கும் வாசலுக்குமாக அவள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் வந்து நின்றுவிட்டது.

தீக்ஷா அடிவயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அடி மேல் அடி வைத்து உள்ளே வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. பின்னால் அனிருத், குழந்தை தூங்கும் கூடையோடு. கீழ் அறை வாசலில் தீக்ஷா நின்றாள்.

"அம்மா, ஆர் யூ கைஸ் க்ரில்லிங்?"

கூடைக்குள்ளிருந்து ஒரு சின்னத் தும்மல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் அழுகை. அனிருத் கறுத்த கண்ணாடியைப் பார்த்தான், திறந்த ஜன்னலைப் பார்த்தான், கூடையின் மேல் துணியை இழுத்து மூடினான்.

"தீக்ஷாம்மா, இது என்ன வாசனை தெரியுமா?" என்று மகாதேவன் ஆரம்பித்தார். "உங்க தாத்தா ஊர்ல..."

"ஐ ஆஸ்க்ட் ஃபார் ஒன் திங்" என்றாள் தீக்ஷா. அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "ஒன் திங், அம்மா." சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுதால் தையல் வலிக்கும். அதனால் அழுகையையும் பல்லைக் கடித்து அடக்கினாள்.

கார் எடிசனுக்குத் திரும்பியது. வான்மதி வாசலிலேயே நின்றாள். குற்றம் யாருடையது, கேள்வி யாருக்கு வந்தது என்று நினைக்க நினைக்க அவளுக்குக் காது சூடேறியது. உள்ளே வந்தபோது மகாதேவன் இன்னமும் அடுப்பைக் குடைந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு நாள்ல சரி பண்ணிரலாம் மதி. பர்ன் டெம்பரேச்சர்தான் கொஞ்சம்..."

"அதை வெளியில எடுத்துப் போடுங்க."

"எதை?"

"மூட்டையை. ஒண்ணுவிடாம எடுத்துப் போடுங்க. இந்த வீட்டுக்குள்ள அது இருக்கக் கூடாது."

"ஏன் இப்படிக் கத்துற? தப்பு நடந்துபோச்சு, ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஊர் மரம்னு ஒரு ஆசையில..."

"நம்ம ஊர் மரமா?" வான்மதிக்கு இத்தனை வருஷமாக அடைபட்டுக் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது. "உங்க ஊர் மரம் அத்தான் அது. எங்களுக்கு அது மரமில்ல. எங்கப்பா மிளகாய்க் காட்டைத் தின்ன பேயி. செருப்பில்லாம அதுக்குள்ள விறகு பொறுக்குனவ நான். ஆராய்ச்சி பண்ணுறவுக நீங்க! எந்தக் கட்டை எரியும், எது புகையும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? இந்த மூணு மாசத்துல ஒரு வார்த்தை?"

"மதி..."

"எங்கப்பா வெட்டி, வண்டியில ஏத்தி, உங்க வீட்டுக்குக் கொண்டாருவாரு. வெயில்ல காயப் போட்டு, சுள்ளுனு காஞ்ச கட்டை. மாமா ஒரு கட்டையை எடுத்துத் தட்டிப் பாப்பாக. 'மச்சான், ஈரமா கெடக்கே'ம்பாக. ஒவ்வொரு தடவையும் ஈரம். வைகாசியில கூட ஈரம்! ஈரம்னு சொல்லி எடையைக் கழிப்பாக. மாமாவுக்குத் தங்கச்சி புருஷனாப் போயிட்டதால எங்கப்பா வாய் திறக்க முடியாம நிப்பாரு. நான் வண்டி மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன். நீங்க உள்ள ஃபேனுக்குக் கீழ படிச்சுக்கிட்டு இருப்பீக."

மகாதேவனின் கையிலிருந்த சாம்பல் கரண்டி அடுப்பின் மேல் சத்தம் போட்டு விழுந்தது. "அப்பா அப்படியா பண்ணாரு? எனக்குத் தெரியாதே மதி."

"கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். எங்க காட்டை எரிச்சுத்தான் உங்க வீட்டு உலை கொதிச்சது. போகட்டும்னு நானும் உங்களையே கட்டிக்கிட்டு வந்தேன், வாயத் திறக்கலை. ஆனா எம் மக வீட்டுக்குள்ள வந்துட்டுத் திரும்பிப் போயிட்டா. அதுக்கும் அந்த மரந்தானா காரணமா இருக்கணும்?"

அவர் விழுந்த கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தார்.

மறுநாள் காலையில் வான்மதி தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஹார்டுவேர் கடைகளில் இல்லை. மலைப்பக்கம் பண்ணைக்காரர்கள் போகிற தீவனக் கடை ஒன்று இருந்தது. உள்ளே கோழித் தீவனம், குதிரைச் சேணம், மாட்டுக்கு உப்புக்கட்டி. கல்லாவில் நின்ற பெண் பெல்லெட் என்றதும், குதிரைக்கா, அடுப்புக்கா என்று கேட்டாள். குதிரை லாயத்தில் மெத்தையாகப் போடுவதற்கும் அதே மாதிரி ஒன்று விற்பார்களாம். அடுப்புக்குத்தான் என்றாள் வான்மதி. வீட்டில் ஒரு குதிரை இருக்கிறது, அதற்கு மெத்தை தேவையில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"உன் வீட்டில் என்ன எரிக்கிறாய்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

கொட்டகைக்குள் பலகை போட்டு, நனையாமல் அடுக்கியிருந்த வரிசையை அந்தப் பெண் கை காட்டினாள். "அதைத்தான். அது காய்ந்திருக்கிறது."

அவ்வளவுதான் ஆராய்ச்சி. வண்டி தரையில் இடிக்கிற அளவுக்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு வான்மதி வீட்டுக்கு வந்தாள். அடுப்புக்குள் கையை விட்டு, இறுகிய சாம்பலை உளியால் பெயர்த்தாள். புகைக்குழாயைத் தட்டிக் கொட்டினாள். கண்ணாடியை ஈரத்துணியில் சாம்பலைத் தொட்டே தேய்த்தாள். பளிச்சென்று தெளிந்தது. திரைச்சீலை, சோபா உறை, தலையணை எல்லாவற்றையும் கழற்றித் துவைக்கப் போட்டாள். மகாதேவன் உதவிக்கு வந்தபோது வாசலைக் கை காட்டினாள். அவர் சால்வைகூட இல்லாமல் போய், கருவை மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தெருவோரம் வைத்தார். கறி சுடுகிற அக்கம்பக்கத்தார் வந்து, நம்ப முடியாமல் இரண்டு தரம் நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள்.

புது பெல்லெட் எடுத்த எடுப்பிலேயே பற்றிக்கொண்டது. தீ மஞ்சளாக, புகையில்லாமல், சத்தமில்லாமல் நின்றது. அந்த ராத்திரி வான்மதி அந்த அறையிலேயே படுத்தாள், வெறும் போர்வையோடு. காலையில் வியர்த்திருந்தது. நேரே எடிசனுக்குக் கிளம்பினாள்.

"இப்பத்தானேம்மா அசந்து தூங்கறா, இதுவும் அவ ஆம்தானே" என்றார் அபயாம்பாள், உண்மையான அன்போடு.

"அவ வீடுதான் மாமி. நாப்பது நாள் கழிச்சுக் கொண்டுவந்து விடுறேன். இப்ப என் முறை" என்றாள் வான்மதி.

அவள் குரலில் என்ன இருந்ததோ, சம்பந்தியம்மா லேகிய டப்பாவைப் பையில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டார். தீக்ஷா மட்டும் படுக்கையில் இருந்தபடி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நோ ஸ்மெல்?"

"வந்து மோந்து பாரு. ஸ்மெல் இருந்தா நானே திருப்பிக் கொண்டாந்து விடுறேன்."

வந்தாள். வாசலில் நின்று மோந்து பார்த்தாள். அப்புறம் காலுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள். குழந்தை அவள் மார்பில் தும்மாமல் தூங்கியது. வான்மதி தரையில் உட்கார்ந்து மகளின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

மகாதேவன் நெடுநேரம் வாசல்படியிலேயே நின்றுவிட்டு, பூனை மாதிரி உள்ளே வந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்திருந்த மூட்டையைப் பார்த்தார். பார்த்தால் சும்மா இருக்க முடியுமா அவரால்?

"இது என்ன மரம் மதி?"

"கேக்கலை."

"ப்ராண்டு?"

"பாக்கலை."

தீக்ஷா கண்ணைத் திறக்காமலே, "அப்பா, டோன்ட்" என்றாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். குனிந்து மூட்டையிலிருந்து ஒரே ஒரு துண்டை எடுத்தார். விரலால் உருட்டினார். நகத்தால் தட்டிப் பார்த்தார், அவருடைய அப்பா கட்டையைத் தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி. வான்மதியின் கை மகளின் காலில் அப்படியே நின்றது.

"காஞ்சுதான் இருக்கு" என்றார் மகாதேவன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், வான்மதியைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னார். "நல்லா காஞ்சுதான் இருக்கு மதி. ஈரமில்ல."

அவளுடைய அப்பாவின் ஒரு வண்டிக் கட்டைக்குக்கூட அந்த வீட்டிலிருந்து வராத சொல் அது. அதைக் கேட்க அப்பா இப்போது உயிரோடு இல்லை. வான்மதிக்கு அப்போதும் கோபம் ஆறவில்லை. எழுந்து, பத்தியக் குழம்புக்குப் பூண்டு உரிக்கப் போனாள்.